அண்ணி தலை குளிக்கிறாள்
வருஷக்கணக்காக நீளும் சண்டையில் வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில், பல நாளாக வராத தண்ணீர் லாரி இன்று வந்து நிற்கிறது. முதல் வாளியோடு நாத்தனார் ஓடி வருகிறாள். நிறைமாத வயிற்றோடு குனிய முடியாத அண்ணியை வாத்தியார் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு குவளை ஊற்றுகிறாள். மண்ணும் புகையும் படிந்த முடியிலிருந்து தண்ணீர் கறுப்பாக வழிகிறது. “போதும்டி, குடிக்க வேணாமா?” என்கிறாள் அண்ணி. “குடிக்க எடுத்து வச்சாச்சு. தலையக் கொடுத்துட்டீங்க, இனி என் பாடு.” நகத்தளவு சோப்புதான், ஆனாலும் நுரை பொங்குகிறது. தொலைவில் குண்டு விழுகிறது. நாத்தனாரின் விரல்கள் சற்று நின்று, திரும்பவும் தேய்க்கின்றன. “உங்கண்ணனுக்கு இதெல்லாம் வராதுடி.” “அண்ணனுக்குத் தன் தலையே வாரத் தெரியாது, உங்க தலைக்கு எங்க போக!” அண்ணி சிரிக்க, வயிறும் சேர்ந்து குலுங்குகிறது. கடைசிக் குவளை ஊற்றும்போது அண்ணியின் தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரவெல்லாம் பயந்து விழித்திருந்தவள், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டாள். ஈர முடி நாற்காலிக்குப் பின்னால் வெயிலில் சொட்டுகிறது. நாத்தனார் தண்ணீர் வரிசையைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறாள். நெருக்கியடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த சனங்கள், ஒருவர் பின் ஒருவராக, குழந்தையைக் கிடத்துவதுபோல் தங்கள் வாளிகளைத் தரையில் இறக்கி வைக்கிறார்கள்.