ஏழாம் நம்பர் குழாய்

"தப்பு என்னோடதுதான் சார். குழாயை மாத்தி வெச்சுட்டேன். அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுடுங்க."

இருபத்தாறு வருட வேலையில் அந்த டெக்னீஷியன் அம்மாள் தன் தப்பை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஒப்புக்கொள்கிற மாதிரி இதற்கு முன்பு எதுவும் நடந்ததில்லை. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர்.

துறைத் தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க மாத்தி வெக்கிற ஆளா? யார்கிட்டம்மா கதை விடுறீங்க?"

திரையில் இருபது கோடுகள். பத்து, வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்தவை. மற்ற பத்து, நோயில்லாதவர்களின் கன்னத்தை உள்பக்கமாகச் சுரண்டி எடுத்தவை. உறங்கிக் கிடக்க வேண்டிய சில மரபணுக்கள் புற்று வந்த இடத்தில் விழித்துக்கொண்டு ஆட்டம் போடும். அந்த ஆட்டத்தை அளப்பதுதான் இங்கே வேலை.

நோயாளிகளின் கோடுகள் எல்லாம் எகிறிப் போயிருந்தன. மற்றவர்களின் கோடுகள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன, ஏழாம் நம்பரைத் தவிர.

"முதல் தடவை நானும் மாறிப்போச்சுன்னுதான் நினைச்சேன். ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவை நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அப்பவும் அதே. குழாய் என்ன, எழுந்து நடந்து போகுமா?"

"சுரண்டி எடுத்த அன்னிக்கே மாறியிருக்கலாம் சார்."

"நோயாளிங்களோட குழாய் வந்ததே அடுத்த வாரம்தானே? எதோட மாறும்?"

மேசையில் தராசின் டீ ஆடை கட்டிக் கிடந்தது. சுடச்சுட வரும் டீயைப் பச்சைத் தண்ணீராக ஆறவிட்டுக் குடிப்பது கொஞ்ச நாளாக அவர் வழக்கம். "டீ போட்டவன் பார்த்தா அழுதுடுவான்" என்று தலைவர் கிண்டல் செய்வதும் வழக்கம்.

இன்று கிண்டலுக்கு நேரமில்லை. தலைவர் ஏழாம் நம்பரின் படிவத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "புகையிலை இல்லை. சிகரெட் இல்லை. குடி இல்லை. வாயில புண் இல்லை. எதுவுமே இல்லாத வாயில இந்த ஆட்டம்! கட்டி வர்றதுக்கு முன்னாடியே மரபணு காட்டிக்குடுக்கும்னு நாலு வருஷமா தொண்டை வத்தக் கத்துறேன், ஒருத்தனும் நம்பலை. நமக்கு லாட்டரி அடிச்சிருக்கும்மா!"

சொல்லிவிட்டுக் கை தட்டினார். யாரோ ஒருவர் வாயில் புற்று முளைக்கிறது என்று தெரிந்து கை தட்டுகிற மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால், ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம்.

"வேண்டாம் சார். என் கவனக்குறைவுன்னு எழுதியே குடுத்துடுறேன்."

"எட்டு மாசத்துல ரிடையர் ஆகப்போறீங்க. இப்பப் போய் இப்படி எழுதிக் குடுத்தா விசாரணை வரும், பென்ஷன் நிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். பரவாயில்ல."

அப்போதுதான் தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஓகோ! தெரிஞ்ச ஆளா? பாவம் பார்க்குறீங்களா?" படிவத்தைப் புரட்டிப் பெயரைப் பார்த்தார். "அட, நம்ம ஆஸ்பத்திரி வேன் டிரைவர்!"

"அவரை விட்டுடுங்க சார். ரெண்டும் சின்னப் பிள்ளைங்க அவருக்கு."

"அதனாலதான் இப்பவே சொல்லணும். கன்னத்துல ஒரு துண்டு வெட்டிப் பார்த்துடுவோம். சீக்கிரம் தெரிஞ்சா அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

நமக்கு என்ன நல்லது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டி எண்ணை அழுத்தினார். "டிரைவரா? உடனே மேல வாப்பா. உன் வாய்ல எடுத்த டெஸ்ட் விஷயமா முக்கியமா பேசணும்."

"என் வாய்லயா? ஐயோ, எனக்கு என்ன சார்?" எதிர்முனையில் குரல் அதற்குள் நடுங்கியது.

தராசு கையை நீட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"சுரண்டி எடுக்குற அன்னிக்கு அவர் வரவே இல்ல சார். முதல் நாளே ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டார். மறுநாள் டூட்டி வந்துடுச்சுன்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பிரஷ்ஷைப் பிரிச்சாச்சு, மருந்து கலந்தாச்சு. பத்துல ஒண்ணு குறைஞ்சா நீங்க குதிப்பீங்க. நல்ல வாய்தானே, யாரோடதா இருந்தா என்னன்னு அவர் நம்பர்லயே போட்டுட்டேன்."

தலைவரின் முகம் சிவந்தது. கையிலிருந்த படிவத்தை மேசையில் அறைந்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ், செய்ற வேலையா இது? என் மொத்த ஆராய்ச்சியும் போச்சு! யாரோட வாயைம்மா சுரண்டுனீங்க?"

டிரைவர் திரும்பக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது, தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை. தராசு ஆறிப்போன டீயை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். அந்தப் பச்சைத் தண்ணீருக்கும் முகம் சுளித்தது.

"லாட்டரி எனக்குத்தான் சார் அடிச்சிருக்கு."