மணிக்கு எண்பது ரூபாய்

"ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு போகுது?"

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓஸ்வால்ட் நிமிர்ந்தான். எதிரே அவன் மனைவி ஜூடித். அவன் கையிலிருந்த போனில் சீட்டுகள் வரிசையாக விரிந்திருந்தன. மறைக்க நேரமில்லை.

"எது?" என்றான்.

"ரம்மி. காசு வச்சு ஆடறீங்களே, அது. மணிக்கு எவ்வளவுன்னு கேக்கறேன்."

"எண்பது ரூபா."

ஜூடித் நம்பவில்லை. ஈஸ்டர் முடிந்ததிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்ப்பவன், ஓவர்டைம் என்று சொல்லி லேட்டாக வந்தான். சம்பளத்தில் ஓவர்டைம் பணம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இப்போது நேரத்தோடு வருகிறான். ஆனால் காபியைக் குடித்த கையோடு மாடிக்குப் போய்விடுகிறான். அவள் துணி எடுக்க வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறான்.

நேற்று அவன் குளிக்கப் போயிருந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. 'உங்கள் கேம் வாலட்டில் ஐநூறு ரூபாய் சேர்ந்தது.'

பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் போய்ச் சொன்னாள். லூர்துமேரியின் புருஷன் ரம்மியில் ஆட்டோவையே தொலைத்தவர். அவர்கள் குடியிருக்கும் மர்பி டவுன் முழுக்கத் தெரிந்த கதை.

"எங்க வீட்டுக்காரரும் மொதல்ல நூறு ரூபாதான்னு சொன்னாரு. அப்புறம் பெரிய பேஜாராப் போச்சு. நீ இப்பவே புடிச்சுக்கோ ஜூடித்."

இப்போது பிடித்துவிட்டாள்.

"எண்பதுதான்னா எதுக்கு ஐநூறு ஐநூறாப் போடறீங்க?"

"அது எங்கயும் போகாது. கம்பெனிக்காரன் புடிச்சுக்கறது மட்டுந்தான் போகும்."

"லூர்துமேரி அக்கா வீட்டுக்காரரும் இப்படித்தான் கணக்கு சொன்னாராம்."

அவன் கட்டைவிரலால் ஒரு சீட்டைத் தள்ளினான். ஜூடித்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"நான் பேசிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு ஆடறீங்க."

"பாதியில விட முடியாது. விட்டா அந்தப் பக்கம் இருக்கறவரு வேற டேபிளுக்குப் போயிடுவாரு."

"போகட்டுமே. அவரு மேல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை? யாரு அது?"

அவன் இன்னொரு சீட்டை எடுத்தான்.

"பொம்பளையா?"

"சே. என்ன பேசற நீ."

"அப்ப பேரைச் சொல்லுங்க."

அவன் மறுபடியும் போன் பக்கம் திரும்பினான்.

"சரி, நான் கே.ஜி.எஃப். போறேன். எங்கப்பா வீட்டுக்கு. துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு. முப்பது வருஷம் சுரங்கத்துல இறங்கி ஏறின மனுஷன், காசோட அருமை தெரிஞ்சவரு. அவரே வந்து உங்களைக் கேக்கட்டும்."

அவள் தன் போனை எடுத்ததும் ஓஸ்வால்ட் எழுந்துவிட்டான்.

"மாமாவுக்குப் போன் பண்ணாதே ஜூடித். நாளைக்கு நானே உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன். இப்ப வேண்டாம்."

அவன் குரலில் இருந்த பதற்றம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மாமனார் என்றால் பயம் இருக்கிறது. அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அப்பா பால்ராஜ் எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்பா, நாந்தான். உங்க மாப்பிள்ளை பண்ற வேலையைக் கேளுங்க. தினம் மாடியில ஒளிஞ்சு உக்காந்து காசு வச்சு ரம்மி ஆடறாரு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குதும்மா. அவரைத் திட்டாதே," என்றார் பால்ராஜ். "அவரு ஆடறது என்கூடத்தான்."

ஜூடித் புரியாமல் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கம்மா போனப்புறம் சாயந்தரமானா வீட்டுக்குள்ள இருக்க முடியலம்மா. பொழுது போகட்டும்னு ஆரம்பிச்சேன். முகம் தெரியாதவங்ககிட்ட தோத்துத் தோத்து, பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு. ஈஸ்டருக்கு வந்தப்ப மாப்பிள்ளை கண்டுபுடிச்சாரு. விட்டுடுங்கன்னாரு. முயற்சி பண்ணேன், முடியல. சரி, இனிமே என்கூட மட்டும் ஆடுங்க மாமான்னு சொல்லிட்டாரு."

"பணம்?"

"நான் தோக்கறதை மறுநாளே திருப்பி அனுப்பிடுவாரு. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்காரன் எடுத்துக்கறதுதான் நஷ்டம். என் பங்கையும் சேர்த்து அவரே கட்டறாரு. மொதல்ல தினம் மூணு மணி நேரம் இழுத்து உக்கார வச்சேன். இப்ப ஒரு மணி நேரத்துக்குக் கொண்டாந்திருக்காரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நாந்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

அப்பா மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது.

ஜூடித் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அப்பாவுக்குப் போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. பஸ் வந்ததும் வைத்துவிடுவாள். அடுத்த போன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"அப்பா, ஒரு நிமிஷம் இருங்க," என்றாள்.

ஓஸ்வால்ட் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் போனில் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட்டாகிவிட்டிருந்தது.

"நாளையிலேர்ந்து நீங்க அரை மணி நேரம் ஆடினாப் போதுங்க," என்றாள். "மீதி அரை மணி நேரம் அப்பாகிட்ட நான் பேசறேன்."