பொறி எரிந்த நிமிடங்கள்

நாற்காலி செய்யும் கூடத்தில் ஒரு ரோபோ கையும் துருப்பிடித்த கிளாம்ப்பும் ஒன்றாக வேலை செய்தன. கிளாம்ப் சட்டத்தைப் பிடித்துக்கொடுக்கும். கை வெல்டிங் அடிக்கும். மணிக்கு எத்தனை நிமிடம் பொறி எரிந்தது என்பதைச் சுவர்ப்பலகை காட்டும். அன்று இருபத்தைந்து.

"உன்னாலதான் என் மானம் போகுது. நீ திறந்து மூடுறதுக்குள்ள விடிஞ்சிரும்," என்று கை எரிந்து விழுந்தது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் கேட்டு வாங்குண்ணே, பறந்துருவேன்," என்றது கிளாம்ப்.

"உனக்காக நான் போய்க் கேக்கணுமாக்கும்!"

மறுநாள் கை வேண்டுமென்றே ஆமை வேகத்தில் வெல்டிங் அடித்தது. பொறி அணைந்தால்தானே நிமிடம் குறையும்! பலகையில் நாற்பத்தாறு வந்தது.

கிளாம்ப்புக்கு மனசு கேட்கவில்லை. "பலகையண்ணே, நேத்து மணிக்கு முப்பது நாற்காலி. இன்னைக்குப் பன்னெண்டுதானே?"

"இருக்கும் தம்பி. நாற்காலியை எண்ணச் சொல்லி என்னை யாரும் இங்க மாட்டலையே," என்றது பலகை.

சாயங்காலம் சூப்பர்வைசர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். கிளாம்ப் ஆசையாக வாயைத் திறந்தது. அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார், ரோபோ கையைத் தட்டிக்கொடுத்தார், குப்பி எண்ணெய் முழுவதையும் அதன் மூட்டுகளுக்கே ஊற்றிவிட்டுப் போனார்.