நிக்கல் தகட்டில் பிளாட்டினம்

"உன் நிக்கல் தகட்டுல பிளாட்டினம் எப்படி வந்துச்சு, ப்ரான்ட்டி?"

பேராசிரியர் ஃபியோனா சோதனை அறிக்கையை மேசைமேல் வீசினாள். ஆராய்ச்சி மாணவி ப்ரான்ட்டி அதை எடுத்துப் படித்தாள்.

அடிலெய்டில் அந்த ஆய்வுக்கூடம் ஆறு வருஷமாக ஒரே காரியத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பிரித்து, கொஞ்ச மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். யானை விலை சொல்லும் பிளாட்டினம் கூடாது. மலிவான நிக்கலே வினையூக்கியாக நின்று அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

போன மாதம் ப்ரான்ட்டியின் தகடு யாரும் நம்பாத அளவுக்கு ஹைட்ரஜன் தந்தது. கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். இப்போது இந்த அறிக்கை.

"நம்ம கூடத்துல பிளாட்டினம் பொட்டுகூடக் கிடையாது. நீதான் எங்கிருந்தோ கொண்டுவந்து பூசியிருக்கே."

"நான் பூசலை."

"அப்போ வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

"அதை என்னால சொல்ல முடியாது, ஃபியோனா."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

"சொல்ல முடியாது."

ஃபியோனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷம் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணா இப்படி?

"அந்த முடிவைக் கட்டுரையிலேர்ந்து எடுத்துடுங்க. தப்பு என்னோடதுன்னே போடுங்க."

"கட்டுரை மட்டுமா? விசாரணைக்கு எழுதப்போறேன். உன் டாக்டர் பட்டம் போச்சு, புரியுதா?"

"புரியுது." கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவுதான்.

ஃபியோனா விறுவிறுவென்று மின்னஞ்சலை அடிக்க ஆரம்பித்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ் வந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கூடத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்.

"டெஸ், வேண்டாம்!" ப்ரான்ட்டி பதறி எழுந்தாள்.

"நீ சும்மா இரும்மா. ஃபியோனா, அந்தச் சோதனைக்கு யாரோட சிறுநீர்?"

"யாரோடதா இருந்தா என்ன? முறை வெச்சு எல்லாரும்தானே கொடுக்கிறோம்."

"அந்த வாரம் என் முறை."

"அதனால?"

"எனக்குப் புற்றுநோய், ஃபியோனா. மார்ச்லேர்ந்து மருந்து ஏத்துறாங்க. அந்த மருந்துலயே பிளாட்டினம் இருக்கு. உடம்புல தங்காதது சிறுநீர்ல வெளியே வந்துடும்."

ஃபியோனாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

"நீ... ஏன் டெஸ் கொடுத்தே?"

"மாட்டேன்னா ஏன்னு குடைவீங்க. வியாதிக்காரன்னு தெரிஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. இது தகட்டுல போய் ஒட்டும்னு நான் யோசிக்கலை."

"இவளுக்கு எப்படித் தெரியும்?"

"அறிக்கையைப் பார்த்ததுமே புரிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கார்ல கூட்டிட்டுப் போறவ இவதானே. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். படிப்பையே பறிகொடுத்து அதைக் காப்பாத்துவான்னு நான் கனவுலகூட நினைக்கலை."