காக்கா சொன்ன புத்தி

மக்ரூன் பெட்டியைத் திறந்து முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டினாள் சூப்பர்வைசர் பிளாரன்ஸ். "எடுங்க மொதலாளி. நாம ஜெயிச்சிட்டோம்லா."

செய்கு அப்துல் காதிர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நண்டு கம்பெனி மூடிக் கிடந்த இத்தனை மாதத்தில் அவர் இனிப்புத் தின்று யாரும் பார்த்ததில்லை. டிவியில் அந்தச் செய்திதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. தீவு நாட்டின் மீது போட்டிருந்த தடையை வல்லரசு விலக்கிக்கொண்டதாம்.

துறைமுகத்தை எழுதிக் கொடு என்று கேட்டது வல்லரசு. தீவு மாட்டேன் என்றது. அவ்வளவுதான், அரிசி, காய்கறி, மருந்து எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாதென்று கப்பல் கம்பெனிகளையெல்லாம் மிரட்டி வைத்துவிட்டது. தூத்துக்குடி வியாபாரிகள் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொள்ள, காதிர் மட்டும் தன் தோணியில் அரிசியும் வெங்காயமும் ஏற்றி அனுப்பினார்.

காரணம் நஸீம். தூத்துக்குடியில் படிக்க வந்து, காதிர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பையன், இன்று அந்தத் தீவின் வணிக மந்திரி. காதிரின் ஊரான காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மந்திரியான பிறகும் அவன் காதிரை அப்படித்தான் கூப்பிட்டான்.

"தாங்க முடியல காக்கா. கேட்டதக் குடுத்துரலாமான்னு இருக்கு" என்று ஒருநாள் போனில் அழுதான்.

காதிர்தான் தைரியம் சொன்னார். "ஏலே நஸீமு, துறைமுகம் போச்சுன்னா நாடே போச்சு. அத மட்டும் விட்டுராத. வேற எத வேணும்னாலும் விட்டுரு."

வல்லரசு சும்மா விடுமா? அதுவரை தான் வாங்கிவந்த காதிர் கம்பெனி நண்டு இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. நண்டு உடைக்கும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். டெல்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரி, நட்பு நாட்டைக் கைவிடாத நல்ல மனுஷர் என்று காதிரின் தோளில் தட்டினார். தட்டியதோடு சரி, அப்புறம் ஆளைக் காணோம்.

நஸீம் மட்டும் வாக்குக் கொடுத்திருந்தான். "இது முடியட்டும் காக்கா. எங்க ஓட்டல் அத்தனைக்கும் ஒங்க நண்டுதான்." காதிரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்குதான்.

"அப்ப திங்கக்கிழம பொம்பளயள வரச் சொல்லிரட்டா?" என்றாள் பிளாரன்ஸ். "எல்லாரும் உப்பளத்துல வெயில்ல காஞ்சு கெடக்காளுவ."

"தாராளமா வரச் சொல்லு."

போன் அடித்தது. தோணியை ஓட்டிப்போன தண்டல் செல்வதுரை பேசினான். "மொதலாளி, நேத்துலருந்து தீவுக்கு வெளியவே நங்கூரம் போட்டுக் கெடக்கோம். பெரிய பெரிய கப்பலா உள்ள போவுது. நம்மள மட்டும் நில்லுங்கான்."

"தட நீங்குன சந்தோசத்துல எல்லாவனும் முட்டி மோதத்தான் செய்வான். பொறு, நான் நஸீமுட்ட சொல்லுதேன்."

எப்போதும் முதல் மணியிலேயே எடுக்கிறவன், இன்று கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் வலித்த பிறகுதான் எடுத்தான். பிளாரன்ஸும் கேட்கட்டும் என்று காதிர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாதிச்சுட்டியே தம்பி. துறைமுகத்த விட்டுரலயே?"

"இல்ல. அது எங்ககிட்டதான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். பொறவு எப்படித் தடய எடுத்தான்? பதிலுக்கு என்னதான் கேட்டான்?"

பிளாரன்ஸ் மக்ரூன் பெட்டியை மெல்ல மூடினாள்.

"தோணியத் திரும்பி வரச் சொல்லிருங்க, மிஸ்டர் காதிர்" என்றான் நஸீம்.

"மிஸ்டரா?" என்றார் காதிர். "ஏலே, நான் காக்கா பேசுதேன்."

"நீங்க சொன்ன புத்திதான். துறைமுகத்த விடல, ஒங்கள விட்டுட்டோம்."