லாஞ்சுக்குத் தனி லைசென்ஸ்

“லாஞ்சுக்கு லைசென்ஸ் போடணும் சார்” என்றாள் பிலோமி.

ராயபுரம் தபால் நிலையத்தில் அன்று கூட்டமில்லை. கிளார்க் குணசேகரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளுக்கு மூன்று நாளாகச் சீப்பைக் காணாத தலை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த டிரான்சிஸ்டர்.

“இன்னா லாஞ்சும்மா? இங்க ரேடியோவுக்குத்தான் லைசென்ஸ்.”

“ரேடியோவுக்குத்தான் சார். லாஞ்சுல வெச்சிக்கிறதுக்கு.”

லைசென்ஸ் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். லியோனார்ட் பெயர், வீட்டு முகவரி, இந்த வருடத்து முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இருக்காதா பின்னே? அலை எத்தனை ஆள் உயரம் எழும்பினாலும் அசராத மனுஷன் அவள் புருஷன். ஆனால் முத்திரை குத்திய காகிதம் என்றால் தொடை நடுங்கிவிடும். போன வருடம் அய்யாத்துரையின் மளிகைக் கடை ரேடியோவை, லைசென்ஸ் இல்லையென்று அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் காலையில் இதே ஜன்னலில் முதல் ஆளாக வந்து நின்றவன் லியோனார்ட். புத்தகத்தை மாதா படத்துக்குப் பின்னால்தான் செருகி வைத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போனான். திங்கட்கிழமை விடியுமுன் நாலு பேரோடு ‘சகாய மாதா’ என்ற தன் மீன்பிடி லாஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரேடியோ வீட்டில் இருந்தது.

மதியம் பாட்டுக்கு நடுவில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலுக்குப் போனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டுமாம்.

பிலோமி போட்டது போட்டபடி கடற்கரைக்கு ஓடினாள். சத்தத்தை முழுக்கத் திருகி, ரேடியோவைக் கடல் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைத்தியக்காரத்தனம்தான். வேறு என்ன செய்வாள், பாவம்.

அன்று கடலுக்குப் போயிருந்த பக்கத்துத் தெரு அமீரின் லாஞ்சில் ரேடியோ இருந்தது. அவன் மூன்று மணிக்கெல்லாம் கரையேறிவிட்டான். அதற்கு லைசென்ஸ் தனியாக எடுத்தானா என்று அவனிடம் கேட்கப் போனவள், வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

இன்று வியாழன். நேற்று எண்ணூர் பக்கம் ஒரு நீலப் பலகை கரை ஒதுங்கியது. அதில் ‘சகா’ என்று மட்டும் இருந்தது. மீதி உடைந்து போயிருந்தது.

குணசேகரன் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுவே போதும்மா. கைல தூக்கிகினு போற செட்டுதானே. வூட்ல வெச்சாலும் சரி, நடுக்கடல்ல வெச்சாலும் சரி, இந்த ஒரு லைசென்ஸ்தான். உன் வூட்டுக்காரரைத் தாராளமா எடுத்துகினு போகச் சொல்லு.”

“நல்லாப் பாரு சார். கடலுக்குத் தனியா ஒண்ணு வேணும். சட்டம் கீது.”

“இருபது வருசமா இந்த சீட்லதாம்மா கீறேன். அப்படி ஒரு சட்டமே கெடையாது.”

பிலோமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கீதுன்னு சொல்லு சார். ஒரே ஒரு தபா சொல்லு.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை கிளம்பும்போது லியோனார்ட் டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றிச் சோற்றுக் கூடைக்குள் வைத்துவிட்டிருந்தான். அதை வெளியே எடுத்தவள் பிலோமிதான். லாஞ்சுக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமாம், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாம் என்று சொன்னதும் அவளேதான். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டாள்.

அவன் அதை நம்பினான். துண்டை மட்டும் உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மதியம் ஒரு மணிக்குச் சினிமாப் பாட்டு வைப்பார்கள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.