கை மட்டும்

“ராத்தா, சனலக் கம்பனிக்குக் குடுக்கிறதா, நாமளே தனியா நடத்துறதா? நீங்க சொல்ற மாதிரித்தான் செய்யப்போறன்.”

தங்கச்சி றுக்ஸானா இதைக் கேட்டபோது ஸுஹைறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது.

கல்முனையில் வாப்பா தன் பெண்மக்கள் இருவருக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவள் வீட்டுச் சமையல் சமையலாகவே கிடந்தது. இளையவள் வீட்டுச் சமையல், குழம்புச் சட்டி என்ற பொருளில் ‘ஆணச்சட்டி’ என்ற பெயரில் யூடியூப் சனலாகி, கொழும்பு தாண்டி லண்டன் வரை போய்விட்டது. முகமும் குரலும் வெளியே போகக் கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. அதனால் படத்தில் இரண்டு கையும் ஒரு சட்டியும் மட்டும்தான். கீழே எழுத்து ஓடும்.

அந்தக் கையைத்தான் உலகம் புகழ்ந்தது. “மாஷா அல்லாஹ், என்ன கை” என்று எவளோ லண்டனில் இருந்து எழுதுவாள். ஸுஹைறா ஒன்று விடாமல் வாசிப்பாள். வாசித்து முடிய வயிறெரியும். அந்தக் கைக்குப் புளியாணம் வைக்கப் பழக்கியது யார்? கொறுக்காப்புளியை முதலில் போடுவதா பிறகு போடுவதா என்று தெரியாமல் கலியாணம் முடித்தவள் அவள். அதைக் கேட்க லண்டன்காரிக்கு நேரமில்லை.

“கம்பனிக்காரன் என்ன சொல்றான்?”

“சனல் அவங்கட பொறுப்புல போயிருமாம். விளம்பரம் எல்லாம் அவங்களே புடிச்சுத் தருவாங்களாம். வாறதுல பாதி அவங்களுக்கு. மூணு வருசத்துக்கு விலகேலா. தனியா நடத்தினா முழுசும் நமக்குத்தான், ஆனா விளம்பரக்காரனுகளோட நாமதான் மல்லுக்கட்டணும்.”

அந்தக் கம்பனியைப் பற்றி ஸுஹைறாவுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் புருஷன் காலிதீன் அறுகம்பேக்கு வேன் ஓட்டுகிறவர். அங்கே கடலலையில் சறுக்கி வீடியோ போட்ட நிரோசன் அதே கம்பனியிடம் மாட்டிக்கொண்ட கதையைப் போன கிழமை சோறு தின்றபடி சொன்னார். பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். காய்ச்சல் என்றாலும் வீடியோ கேட்டார்கள். விலகுகிறேன் என்றான், சட்டத்தரணியின் கடிதம் வந்தது. “ஒன்ட தங்கச்சிட்ட சொல்லி வெய்” என்று காலிதீன் படித்துப் படித்துச் சொன்னார். ஸுஹைறா சொல்லவில்லை. கல்கண்டுத் துண்டு போல அதை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தாள்.

“கம்பனிக்கே குடு புள்ள” என்றாள். “அவனுகள் படிச்சவனுகள். விளம்பரக்காரனோட கதைக்க நமக்கு என்ன தெரியும்? தனியா நிண்டா ஆளாளுக்கு ஏமாத்திப் போட்டுப் போயிருவானுகள்.”

“கிழமைக்கு அஞ்சு வீடியோ கேக்கிறாங்க. ஒராளால ஏலுமா ராத்தா?”

“அடுப்பு மூட்டாத நாள் இரிக்கா நமக்கு? ஆக்கிறதத்தானே படம் புடிக்கிற. கையில பெலன் உள்ள பொம்புளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

“சுகமில்லாமப் படுத்தா?”

“படுத்தா எழும்பணும்.”

“அவங்க சொல்றதத்தான் சமைக்கணுமாம். பக்கெட் நூடில்ஸ் எண்டாலும்.”

“சமைச்சாப் போச்சு. ஒன்ட புளியாணத்தப் பாத்துப் பாத்து சனத்துக்கும் அலுத்துப் போயிரிக்கும்.”

றுக்ஸானா சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

“உண்மையாச் சொல்லுங்க. நீங்களா இரிந்தா ஒப்பம் வெப்பீங்களா?”

“நானா இரிந்தா இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டன். கண்ணப் பொத்திக்கிட்டு வெச்சிரிப்பன்.”

சொல்லும்போது நெஞ்சில் ஏதோ இடறத்தான் செய்தது. இவளை இடுப்பில் தூக்கித் திரிந்தவள்தானே. ஆனால் நேற்றுச் சந்தையில் மீன்காரன் அப்துல் கபூர், “நீங்க ஆணச்சட்டிப் புள்ளைட ராத்தாதானே?” என்று கேட்டு, கூட ஒரு மீனைப் போட்டான். சொந்தப் பெயரோடு வாழ்ந்த மனிசி, கடைசியில் ஒரு சட்டிக்கு ராத்தாவாகிப் போனாள். நெஞ்சில் இடறியதை அந்த மீன் விழுங்கிவிட்டது.

றுக்ஸானா போனை எடுத்தாள். கம்பனி அனுப்பியிருந்த ஒப்பந்தத்தில், “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி விரலால் ஒப்பம் வைத்தாள். ஏதோ இரண்டு வரி எழுதிச் சேர்த்து அனுப்பியும் விட்டாள்.

ஸுஹைறா மீனைக் கழுவத் தொடங்கினாள். மனசு நிறைந்திருந்தது. இனிக் காய்ச்சலோடு எழும்பி அடுப்பு மூட்டட்டும். கை வீங்கட்டும். வீங்கின கையை லண்டன்காரி புகழட்டும்.

“இப்பதான் நிம்மதி” என்று பக்கத்தில் வந்து குந்திய றுக்ஸானாவுக்குக் கண் கலங்கியிருந்தது. “உங்களிட்ட ஒண்ட மறைச்சிட்டன் ராத்தா. கண்ணூறு படும், விசா அடிக்கிற வரைக்கும் யாருட்டயும் வாய் தொறக்காத எண்டு புள்ளையளுட வாப்பா சொல்லிட்டார். பெருநாளைக்கு முதல் நானும் புள்ளையளும் அவருட்டயே கட்டாருக்குப் போறம், அங்கதான் இனி இரிப்பு.”

“அப்ப சனல்?”

“இது நீங்க பழக்கித் தந்த கை. உங்களுக்கில்லாம யாருக்குக் குடுக்க? தனியா நடத்துறதுதான் நல்லம் எண்டு நீங்க சொல்லியிரிந்தா, கம்பனிய உட்டுட்டு முழுசா உங்கட பேருக்கே மாத்தித் தந்திரிப்பன். நீங்க கம்பனிதான் எண்டீங்க, சமைக்கப்போறது ராத்தாதான் எண்டு ஒப்பந்தத்தோடயே அவங்களுக்கு எழுதி அனுப்பிட்டன். முகம் தெரியாதுதானே, திங்கக்கிழமையில இரிந்து படத்துல வரப்போறது உங்கட கைதான்.”